குந்தினால் சிதறல் குறைவு

2007 யூலை 9, திங்கள். காலை 9.40. சுட்டது 30. சுவரில் துளை 30.

கச்சான் காற்று விடியவே தொடங்கிவிட்டது. சட்டரைப் பாதிக்கு இறக்கியும் மேசையெல்லாம் மண். கீபோட் ஆறையும் கவிழ்த்துத் தட்டினேன். பணிஸ் துணுக்கு, நகம், உயிரோடு எறும்பு. மனிசர் விளையாடுகிற இடமா இது.

கம்ப்யூட்டர் கேம் கடையில் ஆள் இல்லை. அதனால் உருப்படியான வேலை. கேமுக்குள் போய் வெறும் சுவருக்கு முன்னால் நின்று ஒரு மகசீன் முழுக்க, முப்பது சன்னத்தையும் விரல் எடுக்காமல் சுட்டேன். மொனிற்றர் கண்ணாடியில் ஊடு தெரிகிற பிளாஸ்ரிக் தாள் ஒட்டி, துளைக்கு ஒரு புள்ளி, மார்க்கரால். (தொழில்நுட்பக் கல்லூரியில் லெக்சரர் எறியப்போன தாள்கள். கடைசியில் அங்கே படித்ததில் பிரயோசனப்பட்டது இதுதான்.) பத்துத் தரம் சுட்டு, பத்துத் தாள். ஒன்றின்மேல் ஒன்று வைத்து யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தேன்.

துவக்கின் துள்ளல் வேறு, சன்னத்தின் சிதறல் வேறு. இங்கே வருகிற மடையர்களுக்கு இரண்டும் ஒன்று. துள்ளலுக்கு ஒரு பாதை உண்டு. நேரே மேலே, பிறகு இடம், பிறகு வலம். பத்துத் தாளிலும் அதே பாதை. மவுஸை எதிர்ப்பக்கம் இழுத்தால் அடக்கலாம். சிதறல் அப்படி இல்லை. அந்தப் பாதையைச் சுற்றி ஒவ்வொரு சன்னமும் தன்பாட்டுக்கு விழும். எந்தக் கையாலும் அடக்க ஏலாது. குறைக்க மட்டும் ஏலும்.

ஓடிக்கொண்டு சுட்டால்: தேங்காய் அளவு.
நடந்து: தோடம்பழம்.
நின்று: தேசிக்காய்.
குந்தி: புளியங்கொட்டை.
பாய்ந்துகொண்டு: அளக்கவில்லை. பாதி சுவரிலேயே படவில்லை.

கரண்ட் போனது. யூபிஎஸ் பற்றரி மாற்றச் சொல்லி ஒரு மாதம். முதலாளி ஓம் ஓம் என்கிறார்.

பின்னேரம் கொழும்பு ஆட்கள். போன் கோபுரம் பூட்ட வந்த மூன்று பேர். துறைமுகப் பக்க லொட்ஜ் ஒன்றில் தங்கல், ஆறு மணிக்குப் பிறகு போக இடம் இல்லை, அதனால் தினமும் இங்கே. பெரியவன் கஜன், வெள்ளவத்தை, என் வயது. ஆறு மெசின், மூன்றுக்கு மூன்று. எங்கள் பக்கம் நான், ரமணன், நிஸ்தார். ரமணன் கல்லூரியில் என்னோடு படித்த பச், பாலையூற்று, என்னைப் போலவே வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு இருக்கிறான். நிஸ்தார் முன்கடையில் போன் திருத்துகிறவன், குறிஞ்சாக்கேணியிலிருந்து மிதவைப் படகில் வந்து போகிறவன்.

3க்கு 16. தோல்வி. வீட்டில் சோறு இறங்கவில்லை.


யூலை 10, செவ்வாய். காற்று. கண்ணெல்லாம் மண்.

யோசிக்க யோசிக்கப் பிடிபடவில்லை. நாங்கள் மூன்று பேரும் குந்தித்தான் சுடுகிறோம். அவர்கள் நின்று. சிதறல் குறைவு எங்களுக்கு. சுவர் பொய் சொல்லாது. பிறகென்ன?

நேற்றைய மட்ச் பதிவை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். மூன்றாம் தரம்தான் கண்டது. ஒவ்வொரு முறையும் கஜன் ஆட்களில் ஒருத்தன் முதலில் ஒரே ஒரு வெடி வைக்கிறான். யாரையும் பார்த்து இல்லை. வானத்துக்கு. உடனே எங்கள் மூன்று பேரும் குந்துகிறோம், ஒரே நேரத்தில், கயிறு கட்டி இழுத்த மாதிரி. பிறகு மற்ற இருவரும் மூலையால் வருகிறார்கள், குறி ஏற்கெனவே இடுப்பு உயரத்தில். எங்கள் தலை அங்கேதான் இருக்கிறது.

பின்னேரம் கஜனிடம் நேரே கேட்டேன். ஒளிக்கவில்லை.

"மச்சான், நீங்கள் மூண்டு பேரும் ஒரு வெடிக்குக் குந்துறீங்கள். எங்க குறி வைக்கிறது எண்டு நாங்கள் யோசிக்கிறதே இல்லை."

நிஸ்தாருக்குச் சுட்டுவிட்டது. "அப்ப கொழும்பில வெடி கேட்டா நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?"

"எங்கயெண்டு எட்டிப் பாப்பம்."

"அதுதான் உங்களைக் கோபுரத்தில ஏத்தி விட்டிருக்கிறாங்கள்."

எல்லோரும் சிரித்தோம். பிறகு 5க்கு 16.


யூலை 11, புதன்.

சோதனை செய்தேன். ரமணனையும் நிஸ்தாரையும் ஆளே இல்லாத இடத்தில் விட்டேன். எதிரி கிடையாது என்று முதலே சொன்னேன். நான் ஆறாம் மெசினிலிருந்து நினைத்த நேரம் ஒரு வெடி.

ரமணன் குந்தினான். நிஸ்தார் குந்தினான். திரும்பவும். திரும்பவும். ஏன் குந்தினாய் என்றால் இருவருக்கும் தெரியாது. நிஸ்தார் தான் குந்தவே இல்லை என்று வாதம், பதிவைக் காட்டினேன், வாயை மூடினான்.

எனவே நாங்கள் குந்துவது சிதறல் குறைக்க இல்லை. குறி பார்க்கவும் இல்லை. சத்தம் கேட்டால் சின்னவிரல் குந்துகிற பொத்தானுக்குப் போகிறது, அவ்வளவுதான். நானும் அப்படித்தான், பதிவில் இருக்கிறது.

இது பிழை. பிழையென்றால் திருத்தலாம். கொழும்பு ஆட்கள் 22ஆம் திகதி போகிறார்கள். 21, சனி, மூன்று மணிக்குக் கடைசி மட்ச். கஜனிடம் சொல்லிவிட்டேன்.

(அம்மாவுக்கு மண்ணெண்ணெய். மறந்துவிட்டேன். நாளைக்கு.)


யூலை 12, வியாழன். காற்று இல்லை. புழுக்கம் அதைவிட மோசம்.

குந்துகிற பொத்தான் கீபோட்டின் இடக்கை மூலையில். 1, 2, 3 மெசின்களில் ஸ்குரூ டிரைவரால் நெம்பிக் கழற்றிவிட்டேன். மூன்றும் பல்பொடி ரின்னுக்குள், மேசை லாச்சியில்.

நிஸ்தாரின் விரல் வெறும் ஓட்டைக்குள் போய் வருகிறது. பல்லு விழுந்த இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி. சிரிப்பு. ஆனால் ரமணனுக்கு விரல் மட்டும் இல்லை. சத்தம் கேட்டதும் ஆளே கதிரையில் பதிகிறான். தோள் மேசை மட்டத்துக்கு வந்துவிடுகிறது. உடம்பு பதிந்தால் மவுஸ் கை போய்விட்டது. பொத்தானைக் கழற்றி என்ன.

அதனால் கதிரைகளை எடுத்துவிட்டேன். நின்றுகொண்டு விளையாட்டு. மொனிற்றருக்கு அடியில் பழைய சிபியு பெட்டி இரண்டிரண்டு. விதி மூன்று, மட்டையில் எழுதி ஒட்டியது:

சத்தம் கேட்டால் நில்.
எந்தப் பக்கம் என்று பார்.
பிறகு சுடு.

எல்லாம் ஹெட்போனில். கடையில் ஸ்பீக்கரே கிடையாது. போன வருஷம் முதலாளி ஆறு சோடியையும் பெட்டியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனார். றோட்டில் துவக்கோடு காவல் நிற்கிறது, உள்ளே வெடிச்சத்தம் கேட்டால் யாரும் கேம் என்று நினைக்கப்போவதில்லை. அந்த மனுசன் சொன்னதில் எனக்குச் சம்மதமான ஒரே விசயம்.


யூலை 14, சனி.

ரமணன் வேகமாகப் பழகுகிறான். இன்று காலை முழுக்கத் தோள் அசையவில்லை, ஒரு தரம் தவிர. நிஸ்தார் மாடு. மிதவை பிந்தியது, பத்துப் பேர் அடையாள அட்டைச் சோதனைக்கு நின்றது என்று ஒவ்வொரு நாளும் ஒரு கதை, பதினொரு மணிக்கு வருகிறான், வந்தும் குனிகிறான்.

மத்தியானம் வதனி அக்கா வந்தா. ரமணனின் அக்கா, பக்கத்துத் தையல் கடை. தம்பிக்குச் சோறு கொண்டுவந்தவ, நின்றுகொண்டு விளையாடுகிறதைப் பார்த்து இது என்ன கூத்து என்று கேட்டா. நான் விளக்கினேன். ஒழுங்காகத்தான் விளக்கினேன், தாளெல்லாம் காட்டி. சிதறல், குறி உயரம், எல்லாம். கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தா. அளவு நாடா கழுத்தில் அப்படியே.

"தம்பி, போன வருஷம் கோயிலால வரேக்குள்ள வெடி விழுந்தது. நான் மரம் மாதிரி நிண்டனான். இவன்தான் என்ர சட்டையைப் பிடிச்சு இழுத்து விழுத்தினவன். அதாலதான் இப்ப உன்னோட நிண்டு கதைக்கிறன். அதை இவனிட்ட இருந்து எடுத்துப்போடாதை."

கேம் வேறு, றோட்டு வேறு என்று சொன்னேன். மூளைக்குத் தெரியும் என்றேன்.

"மூளையாலயோ அவன் இழுத்தவன்?"

ரமணன் வெட்கப்பட்டுப் போ அக்கா போ என்று சோற்றை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டான். கத்தரிக்காய்ப் பால்கறி. எனக்கும் தந்தான்.

பொம்பிளைகளுக்கு எல்லாவற்றிலும் பயம். ஆனால் அந்தக் கேள்வி பின்னேரம் வரைக்கும் காதுக்குள். அது எரிச்சல்.


யூலை 16, திங்கள்.

நேர்முகப் பரீட்சைக் கடிதம் எதுவும் இல்லை. தபால்காரன் கடையைக் கடக்கும்போதெல்லாம் வாசலுக்குப் போய்ப் பார்க்கிறேன். இரவு தூங்காமல் கிடந்தால் கண்ணை மூடினாலும் புள்ளிகள்.

நி.: பத்துக்கு ஆறு குனிவு.
ர.: பத்துக்குப் பூச்சியம்.

ரமணன் இப்போது சத்தம் வந்ததும் கழுத்தை மட்டும் திருப்புகிறான். இடமா வலமா. மெதுவாக, பல்லி மாதிரி. பிறகு ஒரு சன்னம், நின்ற இடத்தில், தலைக்கு நேரே. முதல் சன்னத்துக்குச் சிதறல் அநேகமாக இல்லை, நின்றிருந்தால் போதும். குந்தத் தேவையே இல்லை. இதைத்தான் நான் நாலைந்து நாளாகச் சொல்லுகிறேன்.


யூலை 18, புதன். கச்சான் திரும்ப.

வென்றோம். 16க்கு 12.

கஜன் வழமைபோல வானத்துக்கு ஒரு வெடி. நாங்கள் நின்றோம். (நிஸ்தார் பாதி குனிந்தான், காணாதவன் மாதிரி இருந்தேன்.) அவர்கள் இடுப்பு உயரத்தில் குறியோடு வந்தார்கள், ரமணன் நின்றபடி ஒருத்தன், திரும்பி மற்றவன். கஜன் ஹெட்போனைக் கழற்றி எங்களை எட்டிப் பார்த்தான். கதிரை இல்லாமல் மூன்று பேர் நிற்கிறதைக் கண்டுவிட்டு, "என்னடா இது, பரேட்டா?" என்றான்.

ரமணன் சிரித்த சிரிப்பு. கல்லூரி முடிந்தபின் அவன் இப்படிச் சிரித்து நான் காணவில்லை. தேத்தண்ணி குடிக்கப் போகும்போது றோட்டில் யாரோ லொறியின் பின் கதவை அடித்துச் சாத்தினார்கள். நானும் நிஸ்தாரும் திடுக்கிட்டு மதிலோடு ஒதுங்கினோம். ரமணன் நடந்துகொண்டே இருந்தான். நிஸ்தார் கேலி பண்ணினான், இவனுக்குக் காது கேளாமப் போட்டுது என்று.

சனிக்கிழமையும் வெல்ல வேணும். ஒன்றிலாவது கணக்குச் சரி வர வேணும்.


யூலை 19, வியாழன்.

பயிற்சி. மவுஸ் கழுவல். மண்ணெண்ணெய் வாங்கியாயிற்று. ஒரு கிழமை பிந்தி.

அந்த லொறிக் கதவு ஏனோ திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. விடு.


யூலை 20, வெள்ளி. எழுதுவது வீட்டில், பின்னேரம். ஊரடங்கு.

பன்னிரண்டரைக்கு. வதனி அக்கா சோற்றோடு உள்ளே வந்தா. நிஸ்தார் நிலத்தில் இருந்து மவுஸ் பந்து துடைத்துக்கொண்டிருந்தான். நான் ஆறாம் மெசினில். ரமணன் மூன்றாம் மெசினுக்கு முன்னால், நின்றபடி. ஹெட்போன் கழுத்தில், காதில் இல்லை. இதை எழுத வேணும். காதில் இல்லை.

படகுத்துறை ஜெற்றிப் பக்கமிருந்து வெடி. கிட்ட.

நான் மேசைக்குக் கீழே. எப்படிப் போனேன் தெரியாது. நிஸ்தார் முகம் குப்புற, செருப்புகளுக்குள். வதனி அக்கா வாசலடியில் விழுந்து கிடந்தா, சோற்றுப் பார்சல் நெஞ்சுக்கு அடியில்.

மேசைக்குக் கீழே இருந்து பார்த்தால் ரமணனின் கால் தெரிந்தது. இரண்டு பாதமும் ஊன்றினபடி. அசையவில்லை.

பிறகு பாதம் திரும்பியது. இடப்பக்கம். மெதுவாக.

எந்தப் பக்கம் என்று பார்க்கிறான். இரண்டாம் விதி.

கத்த நினைத்தேன். அடுத்தடுத்து வெடி. வதனி அக்கா கையால் ஊர்ந்து வந்தா, சாப்பாட்டை விட்டுவிட்டு. அவன் சேட்டின் முன்பக்கத்தை எட்டிப் பிடித்து, முழுப் பாரத்தையும் போட்டு இழுத்தா. அவவுக்கு மேலேயே விழுந்தான். சட்டரில் தகரம் அடித்த மாதிரி இரண்டு சத்தம். அவன் விழ முதலா, விழுந்த பிறகா, எனக்குத் தெரியாது. எத்தனையோ தரம் மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். இதற்குப் பதிவு கிடையாது.

யார் சுட்டது, யாரைச் சுட்டது, தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. ஓய்ந்தபின் எழும்பினோம். சட்டரில் இரண்டு துளை. ஒன்று எங்கே போனதென்று காணவில்லை. மற்றது மூன்றாம் மெசினுக்குப் பின் சுவரில். ரமணன் முதல் நின்ற இடத்திலேயே எழும்பி நின்றபோது அந்தத் துளை அவன் நெஞ்சுக்கும் கழுத்துக்கும் நடுவில் மறைந்துபோனது.

வதனி அக்காவின் முழங்கை உரசி இரத்தம். என்னை ஏசுவா என்று நின்றேன். அவ சோறு சிந்தின இடத்தைக் கூட்டினா. போகும்போது மட்டும் என்னைப் பார்க்காமல்:

"சேட்டில ரெண்டு பொத்தான் அறுந்துபோட்டுது. நாளைக்குக் கழட்டித் தரச்சொல்லு, தைச்சுவிடுறன்."

எல்லோரும் போனபின் பிளாஸ்ரிக் தாள் ஒன்றை எடுத்து அந்தத் துளைமேல் வைத்துப் புள்ளி போட்டேன். ஏன் செய்தேன் தெரியாது. ஒரு துளையில் சிதறல் அளக்க ஏலாது. பத்துத் தரம் வேணும்.

நான் குந்தினேன். நிஸ்தார் குந்தினான். நிஸ்தாருக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஏறவே இல்லை. நான் மற்ற இருவரையும் பழக்கினேன், எப்போதும் ஆறாம் மெசினில் இருந்து வெடி வைக்கிறவன் நான்தான். மட்ச்சில் தவிர நான் நின்று பழகவே இல்லை.

பழகினது ஒருத்தன்.


யூலை 21, சனி. காலை. ஊரடங்கு ஆறுக்கு எடுத்தார்கள். காற்று இல்லை.

எனக்கு முதல் ரமணன் வந்து கடை வாசலில் நிற்கிறான். அதே சேட். மேல் இரண்டு பொத்தான் இடத்தில் நூல் தொங்குகிறது. நிஸ்தாரும் இன்று முதலாவது மிதவையிலேயே வந்துவிட்டான், ஒரு வருஷத்தில் முதல் தரம்.

சட்டரைத் தூக்கினேன். ரமணன் நேரே போய் அந்தத் துளையைப் பார்த்தான், விரல் வைத்தான், திரும்பினான். முகம் முழுக்கச் சிரிப்பு.

"பாத்தனியா மச்சான்? நான் குந்தேல்லை."

நிஸ்தார் என்னைப் பார்த்தான். நான் சட்டர் கொளுக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ரமணனுக்கு விளங்கவில்லை. சந்தோசம். மூன்று மணிக்கு கஜன் ஆட்களுக்குக் காட்டுகிறேன் என்கிறான். இப்போது மெசின் போட்டு நின்றுகொண்டு பழகுகிறான். கழுத்தைத் திருப்புகிறான். இடம், வலம். நான் ஆறாம் மெசினில் இருந்து இதை எழுதுகிறேன். வெடி வை என்று இரண்டு தரம் கேட்டுவிட்டான். வைக்கவில்லை.

இனிச் செய்வது:

1. மட்ச் இல்லை. லொட்ஜுக்கு நானே போய் கஜனிடம் சொல்வது. காரணம் கேட்டால் சொல்வது. சிரித்தால் சிரிக்கட்டும்.

2. பல்பொடி ரின்னில் இருக்கிற மூன்று பொத்தானையும் திரும்பப் பூட்டுவது. கதிரைகளை வைப்பது. மட்டையைக் கிழிப்பது.

3. இன்றே தொடங்குவது. ஹெட்போன், வெடி, நிலத்தில் விழு. பக்கம் பார்க்கிறது இல்லை. விரலால் இல்லை, உடம்பால். கதிரையை விட்டு, முகம் சீமெந்தில் படும் மட்டும்.

4. ரமணன் மாட்டேன் என்பான். வென்றதைச் சொல்லுவான். நிஸ்தார் முதல் விழுந்து காட்டுவான், பிறகு நான். ஒரு கிழமையில் போனது எத்தனை கிழமையில் திரும்பும் தெரியாது. திரும்பும் மட்டும் செய்வது.

5. சேட்டை வதனி அக்காவிடம் நான் கொண்டுபோவது. மூளையாலயோ என்று கேட்டாவே, இல்லை என்று சொல்வது. பிறகு அவ சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்பது.

6. ரமணனுக்கு அது திரும்பும் வரைக்கும் இடப்பக்கம் நான். கடையில், தேத்தண்ணிக் கடையில், றோட்டில். சத்தம் கேட்டால் முதலில் அவன் சேட்டைப் பிடித்து இழுப்பது. பிறகு நான் விழுவது.